வேலை முடியாத வண்டிக்கு எலுமிச்சம்பழம் கிடையாது

1

இன்று காலை என் வண்டிக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. வண்டி விற்ற கடையிலிருந்து கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு பலூன் படம், ஒரு கேக் படம், அதன் கீழே "உங்கள் வண்டிக்கு இன்று இரண்டு வயது, வாழ்த்துகள் ஜெசிந்தா!" என்று எழுதியிருந்தது. என் பிறந்தநாளை நான் பெற்ற மகளே மறந்துவிடுகிறாள். கடைக்காரருக்கு என் வண்டியின் பிறந்தநாள் மறக்கவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. தேதி தப்பு. அவர்கள் சொல்கிற நாளில் அந்த வண்டி என் வீட்டு வாசலுக்கு வந்தது, அவ்வளவுதான். வந்ததற்கும் பிறந்ததற்கும் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வெளிநாட்டில் ஒரு ஃபோன் போட்டால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் ஊர் ஆட்களுக்காக அந்தக் கதையை எழுதுகிறேன்.

நான் கொடைக்கானல் மலையில் இருக்கிற செண்பகனூர்க்காரி. கல்யாணமாகி கனடாவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. நாங்கள் இருப்பது கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். மேடு என்று சொல்ல ஒரு எறும்புப் புற்றுகூடக் கிடையாது. வயதானவர்களைத் தேடி அவர்கள் வீட்டுக்கே போய், குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருவது என் வேலை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்குகிற தூரம் இருக்கும். பனிக்காலத்தில் அந்த மண்ரோடுகளில் சின்னக் கார் சிக்கிக்கொள்ளும் என்பதால் ட்ரக் வாங்க வேண்டியிருந்தது. ட்ரக் என்றால் லாரி இல்லை. முன்னால் கார் மாதிரியும் பின்னால் திறந்த தொட்டியுமாக இருக்கிற பெரிய வண்டி.

இன்னொரு காரணமும் இருந்தது. குளிர் பட்டால் என் விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து மரத்துப்போகும். பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்றே தெரியாது. டாக்டர் அதற்கு ஒரு பெரிய பெயர் சொல்லிவிட்டு, "கையைச் சூடாக வைத்துக்கொள்ள முடியாவிட்டால் இந்த வேலையை விட்டுவிடுங்கள்" என்றார். "கொடைக்கானல்காரிக்குக் குளிரா?" என்று கேட்காதவர்கள் இல்லை. அங்கே ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு டீயும் போதும். இங்கே கண்ணிமை உறைகிறது. கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லி ஊரே யோசனை சொன்னது. தடித்த கையுறை போட்டால் ஸ்டியரிங் வழுக்குகிறது, மெல்லியது போட்டால் போட்டும் பயனில்லை.

அதனால் ஸ்டியரிங்கே சூடாகிற வண்டியாகப் பார்த்து ஆர்டர் கொடுத்தேன். சீட்டும் சூடாகும். பல மாதம் காத்திருந்து வண்டி வந்தபோது இரண்டும் சூடாகவில்லை. பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மூடி ஒன்று இருந்தது. உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு என்றார்கள். சூடேற்றும் கம்பியெல்லாம் உள்ளேயே ஓடுகிறதாம், தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றுதான் இல்லையாம். "வந்ததும் நாங்களே கூப்பிட்டுப் பொருத்தித் தருவோம்" என்றார் கடையின் சர்வீஸ் மேலாளர் கிரெக். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துவந்தேன்.

2

ஏன் சிரித்தேன் என்று என் வீட்டுக்காரர் சேவியர் இன்றுவரைக்கும் கேட்கிறார். வேறு யாராயிருந்தாலும் அன்றைக்கே சண்டை போட்டிருப்பார்கள். எனக்கோ புது வண்டி குறையோடு வருவதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த புது வண்டிக்குக் கூரையே இல்லை.

என் அப்பா ஆரோக்கியம் சொந்த லாரி ஓட்டியவர். மலையிலிருந்து கேரட், முட்டைக்கோஸ், பேரிக்காய் எல்லாம் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறக்குவார். பழையதை விற்றுப் புதிது வாங்கியபோது கம்பெனி கொடுத்தது சேஸிஸ் மட்டும்தான். இஞ்சின், சக்கரங்கள், ஸ்டியரிங், நீளமாக இரண்டு இரும்புச் சட்டம். கதவு, கண்ணாடி, சீட்டு ஒன்றும் கிடையாது. டிரைவர் உட்கார ஒரு மரப்பெட்டி. அப்பா தலையில் துண்டைக் கட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து திண்டுக்கல்லிலிருந்து பழனிவரை காற்றைக் கிழித்துக்கொண்டு ஓட்டிவந்தார். பழனியைத் தாண்டி தாராபுரம் ரோட்டில் ஒரு பாடி கட்டும் பட்டறை. கேபினும் பின்தொட்டியும் அங்கேதான் கட்ட வேண்டும்.

வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற வழக்கம் அங்கே கிடையாது. வேலை முடிகிறவரை ஓனர் அங்கேயே கிடப்பார். தச்சர் அறுக்கும்போது பக்கத்தில் நிற்பார், வெல்டிங் நடந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார், மதியம் அந்த மரத்தூளிலேயே படுப்பார். எழுந்து போனால் நமக்கென்று எடுத்துவைத்த பலகை அடுத்தவன் லாரியில் ஏறிவிடும். நானும் அம்மாவும் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் இறங்குவோம். மேலே ஸ்வெட்டரோடு ஏறி, அடிவாரத்தில் வேர்த்து ஒழுக இறங்க வேண்டும். அப்பா பனியனும் லுங்கியுமாக லாரியின் நிழலில் உட்கார்ந்திருப்பார். கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்த எனக்கு மானமே போகும்.

"ஏம்ப்பா, வீட்டுக்கு வரலாம்ல? அவங்க வேலைய அவங்க பாக்க மாட்டாங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாப்பாங்க, பாப்பாங்க. நான் இருந்தா என் வேலையப் பாப்பாங்க. நான் போனா அடுத்தவன் வேலையப் பாப்பாங்க" என்றார்.

ஒரே ஒருநாள் மலைக்கு வந்தார், என் புது நன்மைக்காக, அதாவது கோயிலில் நான் முதல் நற்கருணை வாங்குகிற நாளுக்காக. பூசை முடிந்து சாப்பாடு போட்டுவிட்டு, மறுநாள் வெள்ளனே இறங்கிப் போனால், எங்கள் வண்டிக்கென்று வந்த ஹெட்லைட் ஜோடி பக்கத்து லாரியில் பளபளவென்று இருக்கிறது. அப்பா சத்தம் போடவில்லை. அந்த லாரியின் பம்பர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "ஏலே, கழட்டுங்கடா. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்றாராம். சாயங்காலத்துக்குள் லைட் எங்கள் வண்டிக்கு வந்துவிட்டது.

அந்தப் பட்டறையில் இன்னொரு முறை உண்டு. வேலை முடிந்ததும் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், செண்பகனூரில் சாமியார் தனியாகத் தீர்த்தம் தெளிப்பார், அது வேறு. பழம் நசுங்கிவிட்டால் பட்டறைக்கும் ஓனருக்கும் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் கதவு இடிக்கிறது, ஆணி துருத்துகிறது என்று போய் நிற்க முடியாது. அதனால் பழத்தை ஓனர்தான் வாங்கி வைத்திருப்பார். பட்டறைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், மனசு திருப்தியாகிறவரை அப்பா பையிலிருந்து பழத்தை எடுக்க மாட்டார்.

இப்போது புரிந்திருக்கும். கனடாவில் வண்டி எடுத்த அன்றைக்கு சேவியர் நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். நான் அவற்றைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"இன்னும் வேலை முடியலைங்க."

"அதான் அப்புறமாப் போட்டுத் தர்றேங்கிறானே?"

"போட்டுத் தரட்டும், வச்சுக்கலாம்" என்றேன். அந்தப் பழங்கள் எலுமிச்சைச் சாதமாகிவிட்டன.

பழத்தைச் சரியாகத்தான் வைத்திருந்தேன். பட்டறையை விட்டு எழுந்து வந்ததுதான் பிசகு.

3

அவர்கள் கூப்பிடவில்லை. முதல் பனிக்காலம் போயிற்று. நான் கூப்பிட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பெண்குரல் சொல்லும், பிறகு பாட்டுப் போடும். பாட்டு முடிந்து ஆள் வந்தால், பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜெசிந்தா ஆரோக்கியம் என்பதை எழுத்துக் கூட்டிச் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விடும். கடையைக் கேட்டால் கம்பெனியைக் கேள் என்பார்கள். கம்பெனியைக் கேட்டால் கடையைக் கேள் என்பார்கள். கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. குறிப்பிட்ட பாகம் பொருத்தும் திட்டம் எங்கள் பகுதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது, ஈடாக ஒரு சிறிய காசோலை அனுப்புகிறோம், ஒப்புதல் தரவும்.

நான் ஒப்புதல் தரவில்லை. கட்டு மாற்றப் போகிற இடத்தில் காசோலையையா கையில் சுற்றிக்கொள்வது?

அந்த வாரமே வேலையிடத்தில் என் மேற்பார்வையாளர் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல பெண்மணி. போன குளிரில் இரண்டு தடவை வண்டியை ஓரமாக நிறுத்தி, விரலில் உணர்ச்சி வருகிறவரை காத்திருந்து போனது அவர் காதுக்கு எட்டியிருந்தது. "வரும் பனிக்காலமும் இப்படியென்றால் உங்களை ரோட்டில் விட முடியாது. அலுவலகத்தில் ஃபோன் எடுத்து நேரம் குறிக்கிற மேசை இருக்கிறது" என்றார்.

அந்த மேசை எனக்குத் தெரியும். ஃபோனில் என் ஆங்கிலத்தைக் கேட்டதும் மறுமுனையில் "மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?" என்பார்கள். நாள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். நேரில் போனால் இந்தக் கிழவர்கள் கிழவிகள் யாரும் என் ஆங்கிலத்தைத் திருத்தியதில்லை. கதவைத் திறந்ததும் கெட்டிலை அடுப்பில் வைக்கிறார்கள். அந்த ரோடுகளும் அந்த வீடுகளும் நானாகச் சம்பாதித்தவை. அவற்றை ஒரு தீப்பெட்டி அளவு பெட்டிக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

வீட்டில் யாரும் என் பக்கம் இல்லை. "விட்டுத் தொலை ஜெசி, வெளிய ஒரு கடையில ஏதாச்சும் சூடாகுற உறை வாங்கி மாட்டிக்கலாம்" என்றார் சேவியர். கிரெக்கைக் கேட்டால், வெளி ஆள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்றார். மகள் ஷெரின் பக்கத்து நகரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், சனி ஞாயிறு வருவாள். அவள், "மா, செக்க வாங்கிட்டு மூவ் ஆன் பண்ணு. இங்க யாரும் இப்படி ஃபைட் பண்ண மாட்டாங்க" என்றாள். சின்ன வயதில் செண்பகனூருக்குக் கூட்டிப்போனால் தாத்தாவின் லாரியை விட்டு இறங்க மாட்டேன் என்பாள். கேபினுக்குள்ளே டிரைவர் பக்கத்தில், பானட் என்று சொல்கிற இஞ்சின் மூடிமேல் சாக்கு விரித்து உட்காரவைத்தால் கதகதவென்று இருக்கும். மலைக்குளிரில் அதைவிடச் சுகம் கிடையாது. இப்போது அவளுக்கு அது ஒன்றும் நினைவிருப்பதாகத் தெரியவில்லை.

தம்பி அந்தோணியிடம் புலம்பினேன். அவன் கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறான். வட்டக்கானலில் டூரிஸ்ட்டை இறக்கிவிட்டுச் சும்மா நின்றிருந்தான். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, வேல அங்ஙன கெடக்கு, நீ இங்ஙன வீட்ல கெடந்தா எவன் பாப்பான்? அப்பா எங்க உக்காந்திருந்தாரு?"

"பட்டறையில."

"பெறகு? உனக்கு என்ன சோலி வீட்ல? வெள்ளனே போயி உக்காரு. எந்திரிக்காத."

4

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. கடை திறக்கும்போதே போய்விட்டேன். கையில் சாப்பாட்டு டப்பா, பிளாஸ்க், பின்னல் ஊசி, நூல், பையில் நான்கு எலுமிச்சம்பழம். வரவேற்பில் இருந்த பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். "என் ஸ்டியரிங்குக்காக உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். எந்த நேரத்துக்கு முன்பதிவு என்றாள். முன்பதிவெல்லாம் இல்லை, முடிகிறவரை என்றேன்.

அங்கே தோல் சோபா உண்டு, காப்பி இலவசம், பனிக்கட்டிமேல் ஆடுகிற ஹாக்கி ஓடுகிற டிவி உண்டு. அப்பாவின் மரத்தூளோடு ஒப்பிட்டால் ராஜபோகம். கிரெக் வந்து மிகவும் மரியாதையாக, இங்கே இருப்பதால் பாகம் சீக்கிரம் வராது என்றார். "பரவாயில்லை, வீட்டிலும் சும்மாதான் இருப்பேன்" என்றேன். சத்தம் போடுகிற ஆளைச் சமாளிக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போலும். சத்தம் போடாமல் பின்னுகிறவளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த சனியும் போனேன். அதற்கடுத்த சனியும். சனிக்கிழமைதான் அங்கே குடும்பம் குடும்பமாக வண்டி பார்க்க வருவார்கள். பக்கத்தில் உட்காருகிறவர்கள், "சர்வீஸா?" என்று கேட்பார்கள். நான் உள்ளதைச் சொல்வேன். கூட்டியோ குறைத்தோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. விருப்பமிருந்தால் வெளியே கூட்டிப்போய் அந்தக் கறுப்பு மூடியையும் காட்டுவேன். திரும்பி வந்து அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எங்கள் வண்டி முழுசாக வருமா?" என்பதாகத்தான் இருக்கும்.

ஷெரினுக்கு யார் மூலமோ தெரிந்துவிட்டது. "மா, என் ஃப்ரெண்டோட டாட் உன்ன அங்க பாத்திருக்காரு. டப்பாவத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டியாமே!"

"பசிச்சா சாப்பிடாம?"

"எம்பாரஸிங்கா இருக்கு மா."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நானும் இதையே அப்பாவிடம் வேறு வார்த்தையில் கேட்டவள் என்பது நினைவு வந்ததும் கொஞ்சம் குறைந்தது.

5

பனி விழத் தொடங்கிவிட்ட ஒரு சனிக்கிழமை. கடைக்குள் நுழைந்ததும் நடுக்கூடத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய புது ட்ரக் ஒன்று நிற்பதைப் பார்த்தேன். என் வண்டியேதான், நிறம் மட்டும் வேறு. கதவைத் திறந்து ஏறினேன். ஆட்கள் பார்ப்பதற்காகச் சாவியைப் போட்டே வைத்திருந்தார்கள். என் வண்டியில் கறுப்பு மூடி இருக்கிற இடத்தில் இதற்குப் பொத்தான் இருந்தது. அழுத்தினேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தேன். மெல்ல மெல்லச் சூடு ஏறியது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒன்றேகால் வருஷமாக ஒருத்தி காத்திருக்கிறாள், பாகம் வந்து இறங்கியிருக்கிறது. அது காத்திருப்பவளுக்கு வரவில்லை, அடுத்து விற்க வேண்டிய வண்டிக்குப் போய்விட்டது. தாராபுரம் ரோட்டில் பக்கத்து லாரியில் பளபளத்த ஹெட்லைட் என் கண் முன்னால் நின்றது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கிரெக் ஓடிவந்தார். கண்ணாடியை மட்டும் இறக்கினேன்.

"இதில் இருப்பது என்னுடையது, கழற்றி என் வண்டியில் போடுங்கள்" என்றேன்.

"அது முடியாது, இது இன்னொருவருடைய வண்டி."

"யாருடையது? பெயர் சொல்லுங்கள்."

அவர் ரிப்பனைப் பார்த்தார். "இன்னும் விற்கவில்லை."

"ஆளே இல்லாத வண்டிக்குச் சூடு எதற்கு?" என்று கேட்டேன். என் ஆங்கிலம் அன்றைக்கு அப்படியொன்றும் மோசமில்லை. கடை முழுவதும் கேட்டது, யாரும் "மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?" என்று கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஷெரின் வந்தாள். சேவியர் அனுப்பியிருக்கிறார், என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக. முகம் சிவந்திருந்தது. பயணி இருக்கைப் பக்கக் கதவைத் திறந்து, "மா, ப்ளீஸ், இறங்கு" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். ஸ்டியரிங்மேல் இருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்நுனிகள் இன்னும் வெள்ளையாகவே இருந்தன, அடிப்பக்கத்திலிருந்து சிவப்பு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் எப்போதும் கையை முந்தானைக்குள்ளோ கம்பளிக்குள்ளோ வைத்திருப்பேன். அவள் அதுவரை பார்த்ததில்லை.

"இவ்ளோ வெள்ளையாவா போகும்?"

"இதவிட."

அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். தன் பக்கத்துச் சீட்டுப் பொத்தானை அழுத்தினாள். சூடு ஏறியதும் சீட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, "தாத்தா லாரில சாக்குப் போட்டு உக்காருவோமே, அது மாதிரி இருக்கு மா" என்றாள். அப்புறம் ஜன்னலை இறக்கி, இந்த மண்ணிலேயே பிறந்து பேசிய ஆங்கிலத்தில் கிரெக்கிடம் சொன்னாள்: "நாங்கள் இறங்கப்போவதில்லை."

வண்டி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் ரிப்பனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. "அவர்கள் முடித்ததும் நாங்கள் ஏறிப் பார்க்கலாமா?" என்று அந்த அம்மாள் கிரெக்கிடம் கேட்டார். கிரெக் உள்ளே போய்க் கண்ணாடி அறையில் ஃபோன் பேசினார். கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, "உங்கள் வண்டிச் சாவியைக் கொடுங்கள்" என்றார்.

சாவியைக் கொடுத்தேன். வீட்டுக்குப் போங்கள், முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்றார். அவர்கள் கூப்பிடுவார்கள் என்றுதானே ஒன்றேகால் வருஷம் காத்திருந்தேன்! "இங்கேயே இருக்கிறேன்" என்றேன். பட்டறைக்குள் வாடிக்கையாளர் போகக் கூடாதாம், விதியாம். சரி என்று கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஆத்தாளும் மகளுமாக நின்றோம். ரிப்பன் வண்டியிலிருந்து அந்தப் பெட்டியையும் பொத்தானையும் எடுத்து, என் வண்டியில் மாட்டி, கணினியைச் செருகி ஏதோ பதிந்தார்கள். ஷெரின் போய் என் டப்பாவை எடுத்துவந்தாள். நின்றுகொண்டே இருவரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். அவளும் விரலை நக்கினாள்.

6

வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து, உள்ளங்கை வேர்க்கிறவரை உட்கார்ந்திருந்தேன். சீட்டையும் பார்த்தேன். பொத்தானைப் போட்டு நிறுத்தி, திரும்பப் போட்டுப் பார்த்தேன். கிரெக் தோள்களைக் குறுக்கிக்கொண்டு பனியில் நின்றார். "திருப்தியா?" என்றார்.

பையைத் திறந்தேன். பழங்களை ஷெரினிடம் கொடுத்தேன். தாத்தாவின் பட்டறைக் கதை அவளுக்கும் தெரியும், ஒவ்வொரு சக்கரமாகப் போய்க் குனிந்து பனியைத் தள்ளிவிட்டுப் பழத்தை வைத்தாள். கடையின் கண்ணாடிக்கு உள்ளே ஆட்கள் கூடிவிட்டார்கள். இது என்ன என்று கிரெக் கேட்டார்.

"இப்போதுதான் வண்டியை ஏற்றுக்கொள்கிறோம்" என்று ஷெரின் சொன்னாள்.

கியரைப் போட்டு மெதுவாக விட்டேன். நான்கும் நசுங்கின. அவர்கள் கடை வாசலில், வெள்ளைப் பனிமேல், மஞ்சளாக நான்கு இடம். பெருக்கச் சொல்லி யாரையாவது அனுப்பியிருப்பார்கள், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் போய், அந்த ஃபோன் மேசைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்தக் குளிர் முழுவதும் ஒரு வீட்டைக்கூட விடவில்லை. காசோலைக்கு ஒப்புதல் கேட்டு இப்போதும் நினைவூட்டல் வருகிறது. வரட்டும்.

இன்று காலை வந்த வாழ்த்துக்கும் பதில் அனுப்பிவிட்டேன். தேதியைத் திருத்திக்கொள்ளுங்கள், அந்த வண்டி பிறந்தது பனிக்காலத்து ஒரு சனிக்கிழமை, உங்கள் பட்டறையில் என்று எழுதினேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. பிறக்கும்போது நான் எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருந்தேன்.